நட்டு கழன்ற எர்மின்

அத்தியாயம் 4

“எல்லாக் கதவையும் சாத்துங்க! ஒரு அணில்கூட வெளிய போகக் கூடாது!”

தலைமை நடுவர் லவெர்ன் ஒலிபெருக்கியில் அலறியதும் கூடத்திலிருந்த அத்தனை பிராணிகளும் அப்படியே அசையாமல் நின்றன. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவை செத்து மாசக்கணக்காகிறது. அலறலுக்கு அசைந்தது மனிதர்கள்தான்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் மார்ச் மாசத்திலும் பனி இடுப்பளவு கிடக்கும். அதை வெறித்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காமலிருக்க ஜனங்கள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். சிலர் குடித்தார்கள். சிலர் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தார்கள். மிச்சப் பேர் செத்த பிராணிகளைத் தோலுரித்து, உயிரோடிருக்கிற மாதிரி பாடம் பண்ணினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவற்றை ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டிக்காரர்களின் கிளப் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கி, யாருடைய நரி அதிகம் உயிரோடு இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

டெல்மர் லபோ கேன்டீன் வாசலில் ஒரு பாஸ்டியை வாயிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த, கையைச் சுடும் பாஸ்டி. அதை அவன் நிம்மதியாகத் தின்ன முடியாததற்குக் காரணம், எதிரே வந்துகொண்டிருந்த ஹில்மா நிஸ்கனென்.

ஹில்மா வனத்துறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறடி உயரம். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. தூண்டில் புழு விற்கிற கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். டெல்மர் அவளுடைய ஒரே உதவியாளன். முன்பு பனி தள்ளும் லாரி ஓட்டினான். மேயர் வீட்டுத் தபால் பெட்டியைப் பனியோடு சேர்த்து அடிக்கடி தள்ளிவிட்டதில் அந்த வேலை போயிற்று. இந்தப் போட்டிக்கு அவர்கள் இருவரும்தான் காவல்.

“நீ எங்கே இருந்தே?” என்றாள் ஹில்மா.

“கேன்டீன் வரிசையில, பாஸ். பெரிய வரிசை.”

“வரிசையில யார் யார் இருந்தாங்க?”

“நான்.”

ஹில்மா பல்குச்சியை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினாள். திட்டுவதற்கு அவள் வேறு வார்த்தை செலவழிப்பதில்லை.

காணாமல் போனது ஆர்விட் செவர்சனின் எர்மின். கீரிப்பிள்ளையை ஒரு வாரம் பட்டினி போட்டு வெள்ளையடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் எர்மின். குளிர்காலத்தில் உடம்பெல்லாம் வெள்ளை. பனி உருகினால் முதுகு பழுப்பாகிவிடும். வால் நுனி மட்டும் எந்தக் காலத்திலும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. காலையில் பனி மூடிய மரக்கட்டையிலிருந்து எலிமேல் பாய்கிற தோரணையில் அது மேஜையில் இருந்தது. இப்போது கட்டை இருந்தது, பஞ்சும் பொடியும் கலந்து செய்த பனி இருந்தது, எலிகூட இருந்தது. எலியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக டெல்மருக்குத் தோன்றியது.

“இவன்தான்!” ஆர்விட் தலையாலேயே பக்கத்து மேஜையைக் காட்டினான். ஐம்பது வயது, சிவந்த முகம், இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள். “ரெண்டு வருஷமா என்கிட்ட தோத்து வயிறெரிஞ்சு கிடக்கிறான்!”

பக்கத்து மேஜைக்காரன் கோர்டி மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி எர்மினுக்குக் குண்டு அண்ணன் மாதிரி இருந்த தன்னுடைய மிங்க்கின் முதுகைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தான். “வயிறு எரிஞ்சது நேத்து தின்ன சாசேஜால. உன் மூஞ்சிக்கு நெஞ்செரிச்சல்கூட வராது.”

“காலைல என் எர்மினுக்குப் பக்கத்துல டார்ச்சோட நின்னியா இல்லையா?”

“நின்னேன். அதுக்கென்ன? அது என்ன உன் பொண்டாட்டியா?”

லவெர்ன் குறுக்கே புகுந்தாள். குள்ளமான உருவம், கழுத்தில் டார்ச், நெற்றியில் இன்னொரு டார்ச். “ஹில்மா, மத்தியானம் நான் தீர்ப்பு சொல்ல ஆரம்பிக்கணும். அதுக்குள்ள எர்மின் வரலேன்னா கோர்டியோட மிங்க் போட்டியை விட்டு வெளியே போகும். கோர்டியும் போவான். அவன் ஆயுசுக்கும் எந்தப் போட்டியிலயும் காலை வைக்க முடியாது.”

கோர்டியின் சீப்பு நின்றது. கிண்டலெல்லாம் முகத்திலிருந்து வழிந்து போனதை டெல்மர் பார்த்தான். இந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி போய்விட்டாள், பிள்ளைகள் டெட்ராய்டில். இருப்பது ஒரு கொட்டகையும் அதில் கொஞ்சம் மிங்க்கும்தான். அதையும் பிடுங்கினால் அவன் ஏரியில் துளை போட உட்கார வேண்டியதுதான். ஒருநாள் அவனே அதில் இறங்கிவிட்டால் துளையை அப்புறம் யார் மூடுவது?

கட்டையும் பனியும் எலியும் ஒட்டியிருந்த பீடத்தை ஹில்மா தூக்கிக் கவிழ்த்தாள். அடியில் பச்சை வெல்வெட் துணி. அதன் ஒரு மூலையைப் பிளேடால் அழகாகக் கீறி மறுபடி ஒட்டியிருந்தார்கள். துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு குழி. குழிக்குள் நட்டும் வாஷரும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மேலே பனியில் ஒரு பொடிகூட உதிர்ந்திருக்கவில்லை.

“ரொம்ப நாகரிகமான திருடன், பாஸ்,” என்றான் டெல்மர். “எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க கக்கூஸ் மூடியைக்கூட மூடறதில்லை.”

ஹில்மா துணியை மறுபடி ஒட்டிவிட்டு ஆர்விட்டிடம் திரும்பினாள். “இதைப் பீடத்துலேர்ந்து கழட்ட நேரமாகுமா?”

“ஆகாம? நாலு கால், நாலு கம்பி, நாலு நட்டு. அவசரப்பட்டா பாதம் பிஞ்சு கையோட வந்துடும். தொழில் தெரிஞ்சவனாலதான் முடியும். அதான் சொல்றேன், கோர்டி!”

“ம்,” என்றாள் ஹில்மா. “செய்யும்போது உனக்கு யாரும் ஒத்தாசை பண்ணலையா? உங்க அக்கா?”

“மார்கிட்டா?” ஆர்விட் சிரித்தான். “அவ கேன்டீன்ல உருளைக்கிழங்கு உரிப்பா. தோல் உரிச்சதுலேர்ந்து கடைசி மீசை முடி வரைக்கும் என் கை மட்டும்தான். அடுத்த மாசம் வகுப்பே எடுக்கப் போறேன். விளம்பரம் பார்க்கலையா? ‘ஆர்விட்டின் எர்மின் வித்தை.’”

ஹில்மா மறுபடியும் “ம்” என்றாள். முதல் ‘ம்’முக்கும் இந்த ‘ம்’முக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. டெல்மருக்கு அது புரியவில்லை. அவனுக்குப் பாஸ்டி ஆறிக்கொண்டிருந்தது.

கோர்டியை ஓரமாகக் கூட்டிப் போனார்கள். ஓரம் என்றால், ஒரு கரடிக்கும் இன்னொரு கரடிக்கும் நடுவில்.

“டார்ச் அடிச்சு என்ன பார்த்தே?” என்றாள் ஹில்மா.

“மூக்குக்குள்ள பார்த்தேன். வாய்க்குள்ள பார்த்தேன். ஒரு கௌரவமான பிராணிகிட்ட எங்கெல்லாம் பார்க்கக் கூடாதோ அங்கெல்லாம் பார்த்தேன்.” கோர்டி பெருமூச்சு விட்டான். “ஒரு தப்பு கிடைக்கணுமே! கிடைக்கலை. அதான் உட்கார்ந்து மிங்க்குக்குத் தலை வாரிக்கிட்டிருந்தேன். துக்கம் வந்தா நான் தலை வாருவேன்.”

“அவ்வளவு நல்லா இருந்துச்சா?” என்றான் டெல்மர்.

“டேய், எர்மின்னா என்னன்னு நினைச்சே? மான் தலையா, எடுத்து மாட்ட? தோலை ஈர சாக்ஸ் கழட்டற மாதிரி உரிக்கணும். உரிச்சா அது நனைஞ்ச டிஷ்யூ காகிதம். பதப்படுத்தணும். உடம்பைச் செதுக்கணும். கண்ணு குண்டூசித் தலை அளவு. அதைச் சுத்திக் களிமண்ணு வச்சு இமையை ஊசியால இழுத்து விடணும். உதட்டை உள்ளே மடிக்கணும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியா விரிச்சு வைக்கணும். கை ஒரு இழை நடுங்கினா போச்சு, இமை கிழிஞ்சு அது உன்னை மாதிரி முழிக்கும்.”

“நன்றி,” என்றான் டெல்மர்.

“நீ திருடறதா இருந்தா எப்படித் திருடுவே, கோர்டி?” என்றாள் ஹில்மா.

“பீடத்தோட தூக்கிட்டு ஓடுவேன். திருட வந்த இடத்துல எவனாவது துணியைக் கீறி, நட்டைக் கழட்டி, மறுபடி ஒட்டிக்கிட்டு நிப்பானா? அதுக்கெல்லாம் அந்தப் பிராணி மேல பிரியம் இருக்கணும். எனக்கு அதைப் பார்த்தா குமட்டுது.”

ஹில்மா பல்குச்சியைக் கடித்தாள். “வா டெல்மர், சூடா ஏதாவது குடிக்கலாம்.”

“வழக்கு பாஸ்?”

“அதுக்காகத்தான்.”

கேன்டீனில் மார்கிட் செவர்சன் மாவை மடித்து ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பியைவிட மூத்தவள். தோள் அகலம், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தாள். பேச்சு ஒரு பக்கம் ஓட, விரல்கள் பாஸ்டியின் ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்துக்கொண்டே போயின. ஒரு மடிப்புக்கும் அடுத்ததுக்கும் இம்மியும் வித்தியாசமில்லை.

“ரெண்டு ஹாட் சாக்லேட், மார்கிட்,” என்றான் டெல்மர்.

“கொக்கோ தீர்ந்துடுச்சு.”

“காலைலயேவா? இங்க குடிக்க வந்ததே நான் ஒருத்தன்தான். எனக்கும் நீங்க பாஸ்டிதானே குடுத்தீங்க?”

“உன்னை மாதிரி நாலு பேர் வந்தாத் தீராம என்ன செய்யும்? காபி இருக்கு, குடிச்சுத் தொலை.”

ஹில்மா காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். “தம்பிக்குக் கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும்,” என்றாள் மார்கிட். விரல்கள் ஒரு கணம் நின்றன. “இருக்கும்.”

இரண்டு வார்த்தைக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன வித்தியாசத்தை ஹில்மா காபியோடு சேர்த்து விழுங்கினாள். டெல்மர் வெறும் காபியை விழுங்கினான்.

கேன்டீனிலிருந்து கூடத்துக்கு வந்ததும் குரைப்புச் சத்தம். குலுக்கல் பரிசு மேஜையைச் சுற்றிக் கூட்டம். நன்கொடையாக வந்த சாமான்களெல்லாம் அதன்மேல் குவிந்திருந்தன: பனிக்கோடரி, பன்றித் தொடைக்கறி, பின்னிய தொப்பிகள், யாருக்கும் வேண்டாத பழைய பாடம் பண்ணிய உருப்படிகள். ஒரு பீகிள் நாய் முன்னங்கால்களை மேஜைமேல் ஊன்றி, மெலிந்த பழுப்புப் பிராணி ஒன்றை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது. நாயின் சொந்தக்காரர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் மேஜையை விட்டாலும் நாக்கு மேஜையை விடவில்லை.

டெல்மர் பாய்ந்து பிராணியைத் தூக்கினான். “ஐயையோ, பாதி முதுகைத் தின்னுடுச்சே!” விரலெல்லாம் பழுப்பாகியிருந்தது. யோசிக்காமல் விரலை வாயில் வைத்துச் சப்பினான்.

“அந்தக் காலத்து ஆளுங்க தோலுக்கு ஆர்சனிக் தடவுவாங்க, தெரியுமில்ல?” என்றாள் ஹில்மா.

டெல்மரின் விரல் வாய்க்குள்ளேயே நின்றது. முகத்தில் இருந்த நிறம் ஒவ்வொன்றாக விடைபெற்றது.

“என்ன ருசி?”

“கசக்குது, பாஸ்.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். “ஆனா... நல்ல கசப்பு. சாகறதா இருந்தா இப்படிச் சாகலாம்.”

“சாக மாட்டே. அது கொக்கோ.”

நாய் நக்கிய இடத்தில், பழுப்புக்கு அடியில், பால் மாதிரி வெள்ளை எட்டிப் பார்த்தது. ஹில்மா பிராணியை வாங்கி மல்லாத்தி ஒரு பாதத்தைக் காட்டினாள். உள்ளங்கால் தெரியவில்லை. அடர்ந்த வெள்ளை முடி மூடியிருந்தது.

“கோடையில இதுக்கு உள்ளங்கால் சதை வெளியே தெரியும். பனிக்காலத்துலதான் பாதம் பூராவும் முடி மூடும், குளிர் ஏறாம இருக்க. நல்லாப் பாரு.”

டெல்மர் பார்த்தான். “மேல கோடைச் சட்டை, கீழே குளிர்கால சாக்ஸ்! ஆர்விட்டோட எர்மின்! பாஸ், இதை எல்லார் கண்ணுக்கும் முன்னாடியே வச்சிருக்காங்க!”

“கதவைச் சாத்தின பிறகு வேற எங்கே வைக்கிறது? இந்தக் கூடத்துல சந்தேகம் வராம உட்கார்ந்திருக்க ஒரே வழி, செத்த பிராணியாட்டம் உட்கார்ந்திருக்கிறது.”

“கொக்கோன்னா கேன்டீன். கேன்டீன்னா மார்கிட்.” டெல்மருக்கு வரிசையாக விளக்கு எரிந்தது. கடைசி விளக்கு கொஞ்சம் வலித்தது. “ரெண்டாவது பாஸ்டியை எனக்குச் சும்மா குடுத்தாங்க! ‘அடுப்புல வேகுது, கருகாமப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்’னு போனாங்க. நான் காவலை விட்டுட்டு அடுப்புக்குக் காவல் இருந்திருக்கேன்! அப்போதான் கழட்டியிருக்காங்க. அக்கா, தம்பியோட எர்மினைத் திருடியிருக்காங்க!”

“எடுத்தது அவங்கதான்,” என்றாள் ஹில்மா. “யாரோடது, அதை மட்டும் இன்னும் நீ கேட்கலை.”

ஆர்விட்டின் மேஜைக்கு லவெர்னும் கோர்டியும் வந்தார்கள். மார்கிட்டை டெல்மர் கூட்டி வந்தான். ஹில்மாவின் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவள் தடுக்கவில்லை, ஓடவில்லை. “நாயை விட்டு நக்க வச்சீங்களா?” என்று மட்டும் சீறினாள். கோர்டியின் மேஜையிலிருந்த முடி உலர்த்தும் கருவியையும் பிரஷ்ஷையும் கேட்காமலே எடுத்தாள். குளிர்ந்த காற்றை விட்டு, முடியின் போக்கிலேயே பிரஷ்ஷால் தட்டினாள். கொக்கோ புகையாகப் பறந்தது. பழுப்புக்குள்ளிருந்து வெள்ளை எர்மின் வெளியே வந்தது.

ஆர்விட் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீயா?” என்றான் மெதுவாக.

“ஆர்விட்,” என்றாள் ஹில்மா. “இந்தா, உன் எர்மின். பீடத்துல மாட்டு. லவெர்ன் தீர்ப்பை ஆரம்பிக்கட்டும். எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு.”

ஆர்விட்டின் கைகள் பையை விட்டு வரவில்லை. “முதல்ல இவளை என்ன பண்றதுன்னு...”

“அதை அப்புறம் பார்க்கலாம். எந்தக் காலுக்கு நட்டு?”

“சொன்னேனே. நாலுக்கும்.”

ஹில்மா பீடத்தைக் கவிழ்த்தாள். வெல்வெட் துணியை மொத்தமாக உரித்தாள். மொட்டைப் பலகை. அதில் ஒரே ஒரு குழி.

“இதுக்கு மொத்தமே ஒரு நட்டுதான், ஆர்விட். இடது பின்னங்கால். மத்த மூணு காலும் சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது. பாயற பிராணி எங்கேயாவது நாலு காலையும் ஊணிக்கிட்டுப் பாயுமா? எர்மினை எடுத்த ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கு. கீறினது அந்த ஒரு மூலையை மட்டும்தான். தன் கையால செஞ்சேன்னு சொல்லிட்டு அது தெரியாத ஆள் இங்கே ஒருத்தன்தான்.”

கோர்டி குனிந்து அந்த ஒற்றைக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

மார்கிட் எர்மினைப் பீடத்தின் மேல் வைத்தாள். இடது பின்னங்கால் கம்பியைத் துளையில் விட்டு, ஒரு கையால் பீடத்தைச் சாய்த்து, மறு கையின் இரண்டு விரலால் நட்டைச் சுழற்றினாள். பாஸ்டி ஓரம் மடிக்கிற அதே வேகம். எர்மின் மறுபடி எலிமேல் பாய்ந்தது. எலிக்குத் திரும்பி வந்த உயிர் மறுபடி போயிற்று.

“வகுப்புக்கு நான் வரக் கூடாதுன்னான்,” என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். “‘எவனாவது கேள்வி கேட்டா நீ முந்திக்கிட்டுப் பதில் சொல்லிடுவே அக்கா, எனக்கு அசிங்கம்’னான். சரிடா, நீ செஞ்சதாவே இருக்கட்டும். ஆனா நான் செஞ்ச வேலைக்குப் பதில்கூட நான் சொல்லக் கூடாதா? காலைல இது மேஜையில உட்கார்ந்துக்கிட்டு என்னையே பார்த்துச்சு. வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்னு கழட்டிட்டேன். அதுக்குள்ள லவெர்ன் கதவைச் சாத்திட்டா. இவன் கோர்டியைப் பிடிச்சுக் கத்தினதும் எனக்குக் கை கால் ஓடலை. கொக்கோதான் கைல கிடைச்சுது.”

“நல்லவேளை, கடுகு கிடைக்கலை,” என்றான் டெல்மர். ஹில்மா அவன் காலை மிதித்தாள்.

ஆர்விட் நின்றான். தப்பிக்க ஒரு வார்த்தை போதும் அவனுக்கு: ‘பொய்.’ அக்கா மறுத்துப் பேச மாட்டாள் என்று டெல்மருக்கே தெரிந்தது. அவள் முகம் அப்படி இருந்தது. கோர்டி தன் மிங்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஆர்விட் மெதுவாக இரண்டு கைகளையும் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தான்.

கைகள் மேஜைமேல் நிற்கவில்லை. மீன் சிக்கிய தூண்டில்போல் அவை பாட்டுக்குத் துடித்தன. மேஜையிலிருந்த பிரஷ் கிடுகிடுவென்று ஆடியது.

“ரெண்டு வருஷமா இப்படித்தான்,” என்றான். “மான் தலைன்னா சமாளிச்சுடுவேன். சின்ன உருப்படி எதையும் தொட முடியலை. எல்லாம் அக்கா செஞ்சது. கோர்டி எதுவும் பண்ணலை. பழைய ரெண்டு பரிசையும் திருப்பிக் குடுத்துடறேன்.” பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினான். “கோர்டி, மன்னிச்சுடுப்பா.”

கோர்டி மார்கிட்டின் விரல்களைப் பார்த்தான். “அப்போ ரெண்டு வருஷமா நான் தோத்தது உருளைக்கிழங்கு உரிக்கிறவங்ககிட்டயா?”

“உருளைக்கிழங்கும் நான் நல்லாத்தான் உரிப்பேன்,” என்றாள் மார்கிட்.

“எனக்கு மன்னிப்பு வேணாம், ஆர்விட். பரிசைத் தூசி தட்டிக் குடு. அது போதும்,” என்றான் கோர்டி.

லவெர்ன் நெற்றி டார்ச்சைத் தட்டி எரியவிட்டாள். “மாஸ்டர் பிரிவுல பேர் குடுத்தவன்தான் முழு வேலையையும் செஞ்சிருக்கணும். ஆர்விட்டோட பேரை அடிச்சுட்டேன். பொய் சொல்லிப் போட்டியில நின்னதுக்கு என்ன தண்டனைன்னு அவனுக்கே தெரியும்.”

“வேலையைப் பார்க்காமலேவா?” என்றாள் ஹில்மா. “இவ்வளவு தூரம் நாய்கிட்டேர்ந்து மீட்டுக் கொண்டுவந்திருக்கோம்.”

லவெர்னுக்கும் உள்ளுக்குள் அரிப்புதான். குனிந்தாள். மூக்கில் டார்ச். உதட்டில் டார்ச். விரல் இடுக்குகளில் டார்ச். கோர்டி பார்க்கக் கூடாது என்று சொன்ன இடத்திலும் டார்ச். “அடேயப்பா,” என்றாள் தன்னை மறந்து. “கண் இமையைப் பாருங்க. உயிர் இருக்கு.” டார்ச் தலைக்கு ஏறியது. நின்றது. “ஆனா இந்த இடது காது... செத்த காது. முன்னால தள்ளி இருக்கு. மடிப்பு தப்பு. மார்கிட், இவ்வளவு செஞ்ச கை இதை எப்படி இப்படி விட்டுச்சு?”

கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிற மார்கிட், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“அதை அவ வைக்கலை,” என்றான் ஆர்விட். காது வரைக்கும் சிவந்திருந்தான். “நான் வச்சேன். அவ மீன் பிடிக்கப் போன அன்னைக்கு. ஒண்ணாவது என் கையால இருக்கட்டும்னு. ஊசி பல தடவை கீழே விழுந்துச்சு. கடைசியில ஒருவழியா உட்கார்ந்துச்சு. அவ கவனிக்கலைன்னு நினைச்சேன்.”

“வாசல்ல நுழையும்போதே பார்த்தேன்,” என்றாள் மார்கிட். “கோணக் காது. ரெண்டு நிமிஷ வேலை, ஈரத்துணி வச்சு நிமிர்த்தியிருக்கலாம்.”

“ஏன் நிமிர்த்தலை?”

“என்னமோ. நிமிர்த்தலை.”

டெல்மருக்கு ஒரு ஜோக் தோன்றியது. விழுங்கிவிட்டான். அது அவன் வாழ்க்கையில் அபூர்வம்.

மூக்கிலும் வாயிலும் தப்புத் தேடிக் காதைக் கோட்டைவிட்ட கோர்டி, சீப்பால் லவெர்னின் தோளைத் தட்டினான். “லவெர்ன், அப்போ இது ரெண்டு பேர் வேலை. கூட்டு முயற்சிப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கில்ல? தீர்ப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் பிரிவு மாத்தலாம்னு விதி இருக்கில்ல? நீ இன்னும் ஆரம்பிக்கலையே, சும்மா எட்டித்தானே பார்த்தே?”

“உனக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?”

“அக்கறையா? இது மாஸ்டர் பிரிவை விட்டுத் தொலைஞ்சா என் மிங்க்குக்கு எதிர்ல நிக்க எவன் இருக்கான்? கூட்டுப் பிரிவு என்ன, இதைக் கல்யாணப் பிரிவுல வேணும்னாலும் சேர்த்துக்கோ. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்.”

லவெர்ன் ஹில்மாவைப் பார்த்தாள். ஹில்மா பல்குச்சியைப் பார்த்தாள்.

“அந்தக் காது மட்டும் இல்லேன்னா ஆர்விட்டை இப்பவே வாசல் வரைக்கும் துரத்தியிருப்பேன்,” என்றாள் லவெர்ன் கடைசியில். “சரி, அவன் வேலையும் இதுல இருக்கு, மோசமா இருந்தாலும் இருக்கு. மாத்திக்கோங்க. ஆனா காதுக்கு மார்க் வெட்டுவேன். தாராளமா வெட்டுவேன். சாப்பிட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள பேரை எழுதி வைங்க.”

அவள் போனதும் ஆர்விட் அக்காவின் பக்கம் திரும்பினான். “நேரம் இருக்கு, அக்கா. ஈரத்துணி வச்சு நிமிர்த்திடு. முழு மார்க்கும் வரும்.”

மார்கிட் கை எர்மினின் தலைவரை போனது. காதைத் தொடாமல், கழுத்தில் ஒட்டியிருந்த கடைசிக் கொக்கோவை ஊதினாள்.

“நிமிர்த்திட்டா இது முழுக்க என் வேலை ஆயிடும்டா. அப்புறம் நீ எந்தப் பக்கம் நிப்பே?”

ஆர்விட் பேனாவை எடுத்தான். பேர் அட்டையை ஹில்மா ஒரு பக்கமும் கோர்டி மறுபக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நடுங்கி நடுங்கி எழுதினான். முதல் வரியில் மார்கிட்டின் பேரை எழுதி முடிக்கவே அவனுக்கு வேர்த்துவிட்டது.